விட்ட இடத்துக்குத் திரும்பிப் போக...

காசிமேட்டு விசைப்படகுகளில் டிரைவர் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கும். நல்ல மீன் விழுந்த இடம், வலையைக் கிழிக்கும் பாறை கிடக்கும் இடம் என்று முக்கியமானவற்றை மட்டும் அதில் குறித்து வைப்பார்கள். படகு நகர்ந்த ஒவ்வொரு அடியையும் குறித்தால் என்ன ஆகும்? வேண்டிய இடத்தை அந்தக் குவியலில் தேடுவதற்குள் டீசல் தீர்ந்துவிடும்!

நிரல் எழுதும் டெக்ஸ்ட் எடிட்டருக்கும் இதே பிரச்சனை உண்டு. இரண்டாயிரம் வரி நிரல். 900-வது வரியில் ஒரு பிழை இருப்பதாகச் சந்தேகம். அந்த மாறி எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க 40-வது வரிக்குப் போகிறீர்கள். அங்கிருந்து வேறொரு ஃபங்ஷன். அப்புறம்... எங்கே இருந்தோம்? மேலும் கீழும் தேடினால் வரி கிடைத்துவிடும். ஆனால் மனதில் ஓடிய யோசனை அதற்குள் அறுந்துபோயிருக்கும்.

அதனால்தான் எடிட்டர்கள் கர்சர் போய்வந்த இடங்களை நினைவில் வைக்கின்றன. எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் சாமர்த்தியம். பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட விம் எடிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு எழுத்தாக, வரியாக நகர்வது கணக்கில் வராது. ஒரு சொல்லைத் தேடிப் போவது, வரி எண் கொடுத்துத் தாவுவது போன்ற பெரிய தாவல்கள் மட்டும் பதிவாகும். அதிகபட்சம் 100 இடங்கள். கன்ட்ரோலும் ஓ-வும் அழுத்தினால் பின்னால் போகலாம், கன்ட்ரோலும் ஐ-யும் அழுத்தினால் முன்னால் வரலாம். ஒரே வரிக்குப் பத்து முறை போயிருந்தாலும் பட்டியலில் ஒரு முறைதான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறித்த இடமே நகர்ந்துவிட்டால்? இதற்கும் வடசென்னையிலேயே உதாரணம் உண்டு. 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகம், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் கரையைத் தின்றது. "கடலிலிருந்து மூன்றாவது தெரு" என்று அன்று ஒருவர் எழுதி வைத்த விலாசத்தை நம்பி இன்று போனால் வேறு எங்கோதான் நிற்க வேண்டும்.

வெறும் வரி எண்ணும் அப்படித்தான். மேலே ஐந்து வரி சேர்த்தால் 900-வது வரி 905 ஆகிவிடும். விம் அந்தக் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும். ஈமாக்ஸ் எடிட்டரின் குறிகளும் எழுத்தோடு சேர்ந்தே நகரும்.

சரி, குறித்த வரியையே அழித்துவிட்டால்? விம் கையை விரிப்பதில்லை. தாவல் பட்டியலில் இருந்த வரி என்றால், அது இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். காசிமேட்டில் கருங்கல் சுவர்மேல் நின்று, "எங்க வீடு அங்கதான் இருந்தது" என்று தண்ணீரைக் கைகாட்டுபவருக்கு இது புரியும். சுற்றிலும் இருப்பதைப் பார்த்தாலே பாதி ஞாபகம் வந்துவிடும். விட்ட யோசனையைப் பிடிக்க அது போதும்.