எதைப் போடுகிறோமோ அதுதான் வரும்

பத்திரிகை அலுவலகத்தில் புதிதாகச் சேரும் உதவி ஆசிரியரின் மேசைக்கு முதலில் வருவது பெரும்பாலும் வாசகர் கடிதக் கட்டுதான். பேட்டி எடுக்கப் பழகியிருக்க மாட்டார், கட்டுரை எழுதக் கை வந்திருக்காது. “அதுவரைக்கும் கடிதத்தைப் பாருங்க” என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. கூட இருந்தவர்கள் வேறு பக்கங்களுக்கு மாறிப் போனார்கள். நான் விரும்பி அங்கேயே தங்கிவிட்டேன். ஒரு மாத இதழின் கடிதப் பக்கத்தைப் பல வருடங்கள் கவனித்ததில் எனக்குப் பிடிபட்ட விதி ஒன்றே ஒன்று: எதை அச்சில் போடுகிறோமோ, அதுதான் அடுத்த மாதம் தபாலில் வரும்.

‘அட்டைப்படம் அருமை, தலையங்கம் சூப்பர், சிறுகதை மனதைத் தொட்டது’ என்ற ரகக் கடிதங்கள் எல்லா இதழ்களுக்கும் வரும். அவற்றைத் தொடர்ந்து போட்டால் அடுத்த மாதக் கட்டில் பாராட்டைத் தவிர வேறெதுவும் இருக்காது. சொல்ல விஷயம் வைத்திருப்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, ‘இங்கே இதைத்தான் போடுவார்கள் போல’ என்று எழுதாமல் விட்டுவிடுவார். மாறாக, பிழை சுட்டும் ஒரு கடிதத்தை மேலே, முழுசாகப் போட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்ற பொறியாளர், கல்வெட்டு படிக்கத் தெரிந்த தமிழாசிரியர், ஊர்க் கோயில் கணக்கு எழுதியவர் என ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். பெண்கள் சமையல் குறிப்புக்கும் தொடர்கதைக்கும் மட்டுமே எழுதுவார்கள் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. ரேஷன் கடை நிர்வாகம் பற்றி ஓர் அம்மா எழுதியதை முதல் கடிதமாகப் போட்ட பிறகு அந்த நம்பிக்கை தானாகக் கலைந்தது.

அதனால் கட்டைப் பிரிக்கும்போதே மூன்றாகப் பிரிப்பேன்: போட வேண்டியவை, சரிபார்க்க வேண்டியவை, தனியாகப் பதில் எழுத வேண்டியவை. தபால் வகையே பாதி வேலையைச் செய்துவிடும். அஞ்சலட்டையில் எழுதுபவர் தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறார். அது ஊரறியச் சொல்வது. ஒட்டி மூடிய இன்லண்ட் லெட்டரில் வருவது பல சமயம் ஆசிரியருக்கு மட்டுமான மனக்குறை. இன்லண்டில் வந்ததை அச்சேற்றும் முன் எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம். ‘வேண்டாம்’ என்று சொன்னவர்களும் உண்டு.

50 காசு அஞ்சலட்டை இன்னொரு உபகாரமும் செய்தது. உள்ளங்கை அகல அட்டையில் எதையும் வளர்த்த முடியாது. மின்னஞ்சல் வந்ததும் அந்த எல்லை போய்விட்டது. ஒரு சிறுகதையைப் பற்றி அதைவிட நீளமாகக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஒருங்குறி பரவும்வரை, ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிய கடிதங்கள் எங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த கூத்து வேறு. பக்கத்தின் அடியில் ‘150 சொற்களுக்குள் எழுதவும்’ என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியைவிட அதிகம் உதவியது, அதே பக்கத்தில் நாற்பது சொல்லில் நச்சென்று எழுதப்பட்ட கடிதத்துக்குக் கட்டம் கட்டியதுதான்.

கடிதத்தைச் சுருக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. பெரும்பாலான கடிதங்கள் ‘தங்கள் இதழின் நீண்ட நாள் வாசகன்’ என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில்தான் விஷயத்துக்கு வரும். எனவே முன்பகுதியை வெட்டலாம். சொன்னதையே திருப்பிச் சொன்ன இடத்தை வெட்டலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு சொல் சேர்க்கக் கூடாது. எழுத்துப்பிழையைத் திருத்தலாம், வட்டாரச் சொல்லைத் திருத்தக் கூடாது. நாஞ்சில் நாட்டுக்காரர் எழுதியது நாஞ்சில் நாட்டுக்காரர் எழுதியதாகவே இருக்க வேண்டும். ‘ஒருவேளை’, ‘எனக்குத் தெரிந்தவரை’ போன்ற தயக்கச் சொற்களில் கை வைக்கவே கூடாது. அவற்றை எடுத்தால் கடிதம் மிடுக்காகும். எழுதியவர் சொல்லாத உறுதியை நாம் அவர் தலையில் கட்டியிருப்போம். எந்தக் கடிதத்தைப் போடுவது, முழுசாகப் போடுவதா, சாரத்தைப் போடுவதா என்பது ஆசிரியரின் உரிமை என்கின்றன இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிமுறைகள். கூடவே, சர்ச்சையில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது என்றும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

சர்ச்சை என்றதும் தஞ்சைப் பெரிய கோயில் நினைவுக்கு வருகிறது. அதன் விமான நிழல் தரையில் விழாது என்று ஒரு கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருந்தார். நிழல் தாராளமாக விழும். வெயில் நாளில் பிராகாரத்தில் நின்றாலே பார்க்கலாம். நேரில் பார்த்ததை, மணி, திசை எல்லாம் குறித்து ஒருவர் எழுதியிருந்தார். 1010இல் முடிந்த ஓர் அற்புதத்தைக் குறை சொல்லக் கிளம்பிவிட்டதாகக் கோபித்து, கட்டுரையாளர் பக்கம் நின்று எழுதியவர்களும் இருந்தார்கள். நேரில் பார்த்தவர் கடிதத்தை முதலில் வைத்தேன். எதிர்த்தவற்றில் நிதானமான ஒன்றை அதன்கீழ் வைத்தேன். தகவலைச் சரிபார்த்து ஆசிரியர் குழுவின் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டோம். அடுத்த மாதம் புதிதாக எதுவும் சொல்லாத கடிதங்கள் வந்ததும், ‘இந்த விவாதம் இத்துடன் முடிகிறது’ என்று அறிவித்தோம். விவாதத்தை எப்போது முடிப்பது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: கோபம் எவ்வளவு என்று பார்க்காமல், புதுத் தகவல் வருகிறதா என்று பார்ப்பது. வெறும் சண்டையை மூன்றாவது மாதமும் போட்டால் நான்காவது மாதம் சண்டைக்காரர்கள் மட்டுமே எழுதுவார்கள்.

ஆசிரியரின் பதிலையும் அளந்துதான் போட வேண்டும். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் ‘ஆ-ர்’ என்று ஒரு வரி சேர்த்தால், கடைசி வார்த்தை எப்போதும் நம்முடையதாகிவிடும். தகவல் கேட்டிருந்தால் பதில் சொல்லலாம், பிழை காட்டியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். கருத்துக்குப் பதில் தேவையில்லை. அதற்கு மற்ற வாசகர்கள் இருக்கிறார்கள். திட்டி எழுதியவருக்கு நானே கைப்பட ஒரு கார்டு போடுவேன். ‘நம்ம கடிதத்தைப் படிச்சிருக்காங்க’ என்று தெரிந்த பிறகு பலரின் அடுத்த கடிதம் வேறு மாதிரி வந்தது.

மொட்டைக் கடிதங்களை, எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும், தொடவில்லை. காரணம் கொள்கை மட்டும் இல்லை, சட்டமும்கூட. இதழின் அடியில் ஆசிரியர், வெளியிடுபவர் பெயர்களை அச்சிடும் வழக்கம் 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. ‘கடிதங்களில் உள்ள கருத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல’ என்ற வரி அவதூறு வழக்கில் நம்மைக் காப்பாற்றாது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாகியிருக்கிறது. அச்சிட்டவரின் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே முழு முகவரி கேட்டு வாங்குவோம். அச்சில் பெயரும் ஊரும் மட்டும் போடுவோம். முழு முகவரியை அச்சிட்டால், குறிப்பாகப் பெண்களுக்கு, வேண்டாத கடிதங்கள் வீடு தேடிப் போகும்.

வழக்கமாக எழுதுபவர்கள் தனி இனம். கார்பன் வைத்து நான்கு பத்திரிகைகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்புபவர்களும் அவர்களில் உண்டு. அவர்களை அலட்சியம் செய்யக் கூடாது. இதழை வரிவிடாமல் படிப்பவர்கள் அவர்கள்தான். அதற்காக மாதாமாதம் அதே பெயர்களைப் போட்டால் பக்கம் ஒரு சங்கம் ஆகிவிடும். வெளியில் நிற்பவர் உள்ளே வரக் கூச்சப்படுவார். ஒருவர் கடிதம் வந்தால் அடுத்த இரண்டு இதழ்களில் அவருக்கு இடமில்லை என்று முடிவு செய்து, அதை வெளிப்படையாகவும் சொன்னோம்.

யார் எழுதியது என்று பார்த்தும் தள்ளக் கூடாது. ‘இந்தியா’ இதழ் 1910இல் நின்ற பிறகு, புதுச்சேரியிலிருந்த பாரதி ‘தி இந்து’ ஆசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதினார். அவை அச்சிலும் வந்தன. பத்திரிகை நடத்தியவருக்கே தன் தரப்பைச் சொல்லக் கடிதப் பத்தி தேவைப்பட்டது. மற்றவர்களுக்கு அது எவ்வளவு தேவை என்பதைக் கடிதம் பிரிப்பவர் மறக்கலாகாது.

கடைசியாக, யாரும் வெளியில் பேசாத ஒரு சமாசாரம். கடிதம் குறைந்த மாதத்தில் அலுவலகத்திலேயே உட்கார்ந்து, ‘வாசகர்’ பெயரில் நாலு கடிதம் எழுதி நிரப்பும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. செய்யாதீர்கள். அலுவலகக் கடிதத்தின் மொழுமொழுப்பு பழைய வாசகருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் உண்மையான கடிதத்தையும் அவர் நம்ப மாட்டார். மூன்று நல்ல கடிதங்கள்தான் வந்தன என்றால் மூன்றையே போடுங்கள். மிச்ச இடத்தில் அடுத்த இதழ் அறிவிப்பு வரட்டும். பக்கம் நிரம்பி வழிந்தால் ‘நம்முடையதை எங்கே போடப்போகிறார்கள்’ என்று தயங்குபவர், காலியிடத்தைப் பார்த்தால் கார்டு வாங்கப் போவார்.