இணைப்பு யார் பெயரில்?

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் நமக்கு இலவசம். அது இணைப்புக்குத்தான், அடுப்புக்கு அல்ல. தென்காசியில் எங்கள் வளவில் மூன்று வீடு, மூன்று அடுப்பு, ஒரே மீட்டர். ஆகவே மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு 100. மிச்சமெல்லாம் காசு, யூனிட் கூடக்கூட விலையும் கூடும்.

இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். வாடகையோடு கரண்ட் காசையும் அம்மாவும் மற்ற இரண்டு வீட்டு அக்காமாரும் பீடி சுற்றிய கூலியிலிருந்து கொடுத்துவந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார், கட்டவில்லை. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போனதும் அவர் கைப்பேசிக்கே. ஒரு சாரல் நாளில் ஒயர்மேன் வந்து ஃபியூசைப் பிடுங்கிப் போனார், அவர்மேல் குறையில்லை. இரண்டு ராத்திரி இருட்டு. கடைசி வீட்டு ஆச்சிக்கு இளைப்பு. ஆவி பிடிக்கும் மிஷின் சும்மா கிடந்தது. அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பீடி சுற்றினாள். "கண்ணு போனாலும் கணக்கு குறையக் கூடாதுல்லா" என்றாள். மூன்றாம் நாள் மூவரும் துட்டுச் சேர்த்து இரண்டாம் முறை கட்டினார்கள். ரசீது அவர் பெயரில் வந்தது.

2003 மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவைப் பிறகுதான் படித்தேன். துண்டிக்கும் முன் எழுத்தில் அறிவித்து 15 முழு நாள் கொடுக்க வேண்டும். தொகையில் தகராறு என்றால், கேட்ட தொகை, முந்தைய 6 மாதச் சராசரி, இரண்டில் குறைந்ததை ஆட்சேபத்தோடு கட்டினால் துண்டிக்க முடியாது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது கட்ட வேண்டிய ஆளுக்கு. உள்ளே ஆச்சி இருக்கிறாளா, கைக்குழந்தை இருக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 2017 வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. வளவு வீட்டுக்கு யார் பத்திரம் எழுதுகிறார்கள்?

பிரான்சில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பாக்கி வைத்த வீட்டிலும் மின்சாரத்தை வெட்டக் கூடாது. நமக்கு அப்படிப்பட்ட குளிர் இல்லைதான். குற்றாலத்தில் சீசன் கடை போடும் பெண்களைக் கேளுங்கள், தங்கள் கஷ்டகாலம் எதுவென்று சொல்வார்கள்: அருவியில் கூட்டம் வற்றிய பிறகு வரும் முதல் பில். அந்த மாதங்களுக்குத் தவணை வேண்டும். மிஷினை நம்பி மூச்சுவிடும் வீட்டுக்குத் துண்டிப்பே கூடாது. அறிவிப்பை, இணைப்பு யார் பெயரில் இருந்தாலும், குடியிருப்பவள் கதவில் ஒட்ட வேண்டும்.