கட்டம் கட்டமாய்ப் பாட்டு

2008. புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய 1 ஜிபி எம்பி3 பிளேயர். தெரணியகலை பஸ் அவிசாவளை தாண்டுமுன்னே பாதி சார்ஜ் காலி!

லயத்தில் வந்து பார்த்தால் பாட்டுப் பெயரெல்லாம் வெறும் கட்டங்கள். அதற்குத் தமிழ் எழுத்தே தெரியாது. இளையராஜாவைத் தேடி ஒவ்வொரு கட்டமாக அமுக்க வேண்டும். ஐபாட் 2001இலேயே ஆயிரம் பாட்டோடு வந்துவிட்டது. இதில் இருநூறு சொச்சம்தான்.

அம்மா ஒரு காதில் மாட்டிப் பார்த்தார். "ஒனக்கு மட்டுந்தான் கேக்குமா? பக்கத்துக் காம்பராவுக்குக் கேக்காதா?" ரேடியோ பாடினால் லயமே கேட்கும் காலத்து ஆள்.

இன்னும் வைத்திருக்கிறேன். பழைய மினி யூஎஸ்பி வயர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.