ஆண் கடலில் ஒரு தீவு, பெண் கடலில் ஒரு காடு... ராமநாதபுரத்தில் ஒருநாள் படகுப் பயணம்!

ராமேஸ்வரம் போகும் குடும்பங்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதிகாலையில் அக்னி தீர்த்தம், 22 தீர்த்தக் குளியல், சுவாமி தரிசனம். மதியம் தனுஷ்கோடி. மாலையில் கடைத்தெருவில் சங்கும் பாசிமணி மாலையும் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். நாள் முழுக்கக் கடலைச் சுற்றி வந்திருப்பார்கள். ஆனால், அந்தக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

கூடுதலாக ஒரே ஒரு நாள் ஒதுக்கினால் அதையும் பார்த்துவிடலாம். காலையில் படகில் ஒரு தீவு, மதியத்துக்கு மேல் அலையாத்திக் காட்டுக்குள் கயாக், அப்படியே தண்ணீரில் முகம் புதைத்து ஸ்நார்கெல்லிங். இதற்கு நீச்சல் சாம்பியனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அது என்ன என்று கடைசியில் பார்ப்போம்.

இரண்டு கடல், இரண்டு குணம்

ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அமைதியான வடக்குக் கடலைப் 'பெண் கடல்' என்றும், அலையடிக்கும் தெற்குக் கடலை 'ஆண் கடல்' என்றும் இந்தப் பகுதியில் சொல்வார்கள். ஆனால், இந்தக் குணம் ஆண்டு முழுக்க ஒன்றுபோல இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும். மழைக்காலத்தில் வாடைக்காற்று எழுந்தால் பெண் கடலே முரண்டு பிடிக்கும். இரண்டும் ஓரளவு சாந்தமாக இருப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பயணத்துக்குப் பொருத்தமான காலமும் அதுதான்.

காலை: குருசடைத் தீவு

பாம்பனிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது குந்துகால். சிகாகோ உரைக்குப் பிறகு தாயகம் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி கரை இறங்கிய இடம் இது. அங்கே அவருக்கு நினைவு மண்டபமும் இருக்கிறது. குருசடைத் தீவுக்கான வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகுகள் கிளம்புவதும் இங்கிருந்துதான்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள் உண்டு. 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குருசடை அவற்றில் ஒன்று. சுமார் 66 ஹெக்டேர்தான். ஆனால், நூறு ஆண்டுகளாகக் கடல் உயிரின ஆய்வாளர்கள் தேடி வரும் இடம். முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை என்ற இரண்டு உலகங்களுக்கும் பாலமாகச் சொல்லப்படும் பலனோகுளோசஸ் என்ற புழு போன்ற உயிரினம் இங்கே இருப்பதை விலங்கியல் மாணவர்கள் பாடத்திலேயே படித்திருப்பார்கள்.

படகில் போகும்போது தண்ணீரின் நிறத்தைக் கவனிக்கலாம். மணல் தரை இருக்கும் இடம் வெளிர்பச்சை. திட்டுத்திட்டாகக் கறுத்துத் தெரியும் இடங்கள் கடல்புல் வெளி அல்லது பவளத்திட்டு. இந்தத் திட்டுகள்தான் தீவுகளுக்குச் சுற்றுச்சுவர். அலையின் வேகத்தை இவை வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே மணல் நிற்கிறது.

இந்தச் சுவர் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இதே வரிசையில் இருக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் ஒரு காலத்தில் பவளப்பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். விளைவு? கீழக்கரை அருகே பூவரசன்பட்டி, தூத்துக்குடி அருகே விலாங்குசல்லி என இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடியின் வான் தீவும் கரைந்து சுருங்கியது. அதைக் காப்பாற்ற இப்போது கடலுக்குள் செயற்கைத் திட்டுகளை இறக்கி வைத்திருக்கிறார்கள்.

ஸ்நார்கெல் குழாய் இல்லாத முக்குளிப்பு

இந்தத் தீவுகளைச் சுற்றிப் பல தலைமுறைகளாக முக்குளித்து வருபவர்கள் பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள். புடவைக்கு மேல் சட்டை, கண்ணில் நீச்சல் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலில் ரப்பர் செருப்பு. இவ்வளவுதான் அவர்களின் உபகரணங்கள். மூச்சை அடக்கிக் கீழே போய், மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற பாசிகளைப் பறித்து வருகிறார்கள். நோன்பு நேரத்திலும் விருந்துகளிலும் நம் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பின் மூலப்பொருள் இப்படிப்பட்ட பாசியிலிருந்துதான் வருகிறது.

தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுகளில் இறங்கவும், சுற்றிப் பாசி எடுக்கவும் கட்டுப்பாடுகள் வந்தன. பிழைப்பு கேள்விக்குறியான அந்தச் சூழலிலும், பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே கடலுக்குப் போவது எனத் தங்களுக்குள் முடிவெடுத்தார்கள் இந்தப் பெண்கள். சுற்றுலாப் பயணிக்கு டிக்கெட் எடுத்தால் திறக்கும் தீவு, பக்கத்து ஊர்ப் பெண்ணுக்குத் தயங்கித் தயங்கித்தான் திறக்கிறது. படகில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

மதியம்: காரங்காடு

குந்துகாலிலிருந்து பாம்பன் பாலம் தாண்டி, ராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி நோக்கிப் போனால் காரங்காடு. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். சென்னை, தஞ்சாவூர் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இது போகிற வழிதான்.

பாக் நீரிணையை ஒட்டிய இந்த மீனவக் கிராமத்தில், வனத்துறையோடு சேர்ந்து ஊர் மக்களே சூழல் சுற்றுலாவை நடத்துகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த மீன், நண்டு சாப்பாடும் கிடைக்கும். படகு ஓட்டுபவரும் வழிகாட்டுபவரும் இதே கடலில் வலை போட்டு வளர்ந்தவர்கள். எந்தக் கால்வாயில் எப்போது தண்ணீர் வற்றும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

அலையாத்திக் காட்டின் குறுகலான கால்வாய்களுக்குள் கயாக்கில் போவது தனி அனுபவம். மோட்டார் சத்தம் இல்லை. இருபக்கமும் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல மூச்சு வேர்கள். கொஞ்சம் பேசாமல் இருந்தால் நாரைகளும் கொக்குகளும் பறக்காமல் அப்படியே நிற்கும்.

இருவர் கயாக்கில் முன்னால் இருப்பவர் துடுப்பின் வேகத்தை முடிவு செய்ய, பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் ஒரே தாளத்தில் போட்டால்தான் நேராகப் போகும். கணவன் மனைவி ஏறினால் முதல் பத்து நிமிடம் சண்டையில் போகலாம்... பிறகு சரியாகிவிடும்!

தண்ணீருக்குள் ஒரு புல்வெளி

காட்டைத் தாண்டி ஆழமில்லாத திறந்த கடலுக்கு வந்தால் ஸ்நார்கெல்லிங். முகக்கண்ணாடிக்குள் முடி சிக்கக் கூடாது. சிக்கினால் தண்ணீர் புகும். மூச்சு வாய் வழியாக மட்டும். லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்துவிடும் என்பதால் நீச்சல் தெரியாதவர்களும் வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம்.

கீழே தெரிவது கடல்புல் வெளி. நட்சத்திர மீன், கடல் அட்டை, புல்லுக்குள் ஒளியும் குட்டி மீன்கள். மீனவர்கள் 'ஆவுளியா' என்று அழைக்கும் கடல் பசுவின் உணவும் இந்தப் புல்தான். வளர்ந்த ஒரு கடல் பசுவுக்கு ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் புல் வேண்டும். அதனால்தான் 2022-ல் பாக் நீரிணையின் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு.

கால் ஊன்றாதீர்கள்!

ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு விஷயம் இதுதான். இடுப்பளவுத் தண்ணீரில் கொஞ்சம் தடுமாறினாலும் எல்லோரும் செய்வது, காலைக் கீழே வைத்து எழுந்து நிற்பது. அந்த மிதியில் கடல்புல் வேரோடு பிடுங்கப்படும். பவளம் இருக்கும் இடமென்றால் இன்னும் மோசம். பாறைபோல இருந்தாலும் அது உயிருள்ளது. பல பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன. ஒரு நொடி மிதித்து உடைத்தது, உடைத்தவரின் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் முழுதாக வளர்ந்திருக்காது.

ஏற்கெனவே கடல் சூடாவதால் பவளங்கள் திணறுகின்றன. வெப்பம் கூடினால் தங்களுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசிகளை அவை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பெரிய அளவில் நடந்தது. கடல் சூட்டை ஒரு குடும்பம் தனியாகக் குறைக்க முடியாது. காலைத் தூக்கிக்கொள்ள முடியும். தடுமாறினால் மல்லாந்து மிதங்கள், கையை உயர்த்துங்கள். வழிகாட்டி வந்துவிடுவார்.

கிளம்பும் முன்...

* காற்றையும் கடலையும் பொறுத்துப் படகுகள் நிறுத்தப்படலாம். முந்தைய நாளே வனத்துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். 'இன்று வேண்டாம்' என்றால் வற்புறுத்தாதீர்கள்.

* லைஃப் ஜாக்கெட் எல்லா கொக்கிகளும் பூட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் கேட்டு வாங்குங்கள்.

* சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு கடலில் இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை நல்லது. உங்களுக்கும், பவளத்துக்கும்.

* பவளத் துண்டு, கடல் அட்டை எதையும் எடுத்து வராதீர்கள். 2001 முதல் இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளன. கரையில் கிடந்தாலும் தொடாமல் விடுவதே நல்லது.

* தண்ணீர் பாட்டில், பிஸ்கட் கவர் எல்லாம் கொண்டுபோன பையிலேயே திரும்பட்டும்.

புல் இருந்தால்தான் மீன். திட்டு இருந்தால்தான் தீவு. இரண்டும் இருந்தால்தான் சின்னப்பாலத்துக்கும் காரங்காட்டுக்கும் பிழைப்பு. பார்க்கப் போகிறவர்கள் மிதக்கப் பழகிக்கொண்டால், அடுத்த தலைமுறைக்கும் அங்கே பார்க்க ஏதாவது இருக்கும்.