படைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை எதையும் நிறுத்தக்கூடாது

கொழும்புத் தமிழ் வீடுகளில் முப்படைகளில் அதிகாரியாகச் சேர விரும்பும் பிள்ளைகள் அதிகம் இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அப்படி ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழக்கம் எனக்குக் கவலை தருகிறது. விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிடுகிறார்கள். கணக்கியல் வகுப்பில் சேர்வதில்லை, பட்டப்படிப்புக்குப் பதிவதில்லை, சின்ன வேலை ஒன்றுகூடத் தேடுவதில்லை. வீட்டாரும் “அது சரிவரட்டும், பிறகு பார்ப்பம்” என்று விட்டுவிடுகிறார்கள். படைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளை வேறொரு வழியையும் அதே நாளில் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் முடிவு.

காரணம் காலக்கணக்கு. நிரந்தரப் படைக்குப் பயிலிளவல் அதிகாரிகளைச் சேர்க்கும் அறிவித்தல்கள் பொதுவாக 18 முதல் 22 வயது வரையுள்ள, மணமாகாத இளைஞர்களையே கேட்கின்றன. இந்த நாலு வருட இடைவெளியை நமது பரீட்சை நாட்காட்டியே அரித்துவிட்டது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. 2023க்குரியது 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே முடிவில் வந்தது. பெறுபேறு கைக்கு வரும்போதே பிள்ளைக்கு 19, 20 வயது ஆகிவிடுகிறது. பிறகு நேர்முகம், உடற்தகுதி, மருத்துவச் சோதனை. ஒருமுறை தவறி அடுத்த அறிவித்தலுக்குக் காத்திருந்தால் வயதெல்லை வந்துவிடும். வாசலும் அகலமாகிக்கொண்டு போகவில்லை. 2 இலட்சத்தை ஒட்டியிருந்த இராணுவத்தின் ஆளணியை 2030க்குள் 1 இலட்சமாகக் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசாங்கமே அறிவித்தது.

மருத்துவச் சோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் மனம் உடைவது அங்கேதான். நிறங்களைப் பிரித்தறியும் பார்வையைச் சோதிக்க அங்கே ஒரு புத்தகம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகளால் நிரம்பிய வட்டம். சாதாரணப் பார்வை உள்ளவருக்குப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் இலக்கம் தெளிவாகத் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு அந்த இடத்தில் வெறும் புள்ளிகள், அல்லது வேறோர் இலக்கம். இந்தக் குறை உள்ள பலருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியாது. படிப்புக்கோ கிரிக்கெட்டுக்கோ அது பெரிதாகத் தடை போடுவதில்லை. ஒரு வருடம் விடியற்காலையில் மரீன் டிரைவில் ஓடிப் பழகிய பிள்ளை, அந்த ஒரு பக்கத்தில் நின்றுபோகலாம். கண் வைத்தியரிடம் சில நிமிடங்களில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. ஓட்டப் பயிற்சிக்கு முன்பே கண்ணையும் பாதத்தையும் முழங்காலையும் காட்டிவிடுவதுதான் புத்தி.

வேறொரு வழியைக் கையில் வைத்திருப்பது படைக்குத் தடையல்ல என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. இலங்கை இராணுவத்தின் முதல் இலங்கையர் தளபதி ஒரு தமிழர். 1908இல் பிறந்த அன்ரன் முத்துக்குமாரு, ஒக்ஸ்போட்டில் படித்து, பாரிஸ்டராகி, அதன் பிறகே 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியானார். அது தொண்டர் படை. தொழிலை வைத்துக்கொண்டே சேரக்கூடியது. 1949இல் நிரந்தர இராணுவம் உருவானபோது அதற்குள் வந்தார், 1955இல் தளபதியானார். அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, காலமும் வேறு என்று சொல்லலாம்; உண்மைதான். 1956இன் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்துக்கும் 1962இன் தோற்றுப்போன இராணுவச் சதிமுயற்சிக்கும் பிறகு தமிழ் அதிகாரிகளுக்கு அந்த வழி குறுகிப்போனதும் உண்மை. ஆனால் கையில் ஒரு தொழில் இருந்தது அவருக்குத் தடையாகவில்லை என்பதும் உண்மை. தொண்டர் படை இன்றும் இருக்கிறது.

இரண்டு வழியில் கால் வைத்தால் எதிலும் உறுதி வராது என்பார்கள். தேர்வாளர்கள் அரைமனதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. இந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. தயாரிப்பில் பெரும்பகுதி எங்கும் செல்லுபடியாகும். சிங்களத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளைக்குப் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சிங்களம் வரும். ஆனால் அதில் ஒரு பக்க அறிக்கை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். முகாமின் அன்றாடம் சிங்களத்தில் நடப்பதால் அதை எழுதப் பழகத்தான் வேண்டும். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேருகிறவர்களுக்கும் இரண்டாவது அரசகரும மொழித் தேர்ச்சி கட்டாயம் என்பதால் அந்த உழைப்பு ஒருநாளும் வீண்போகாது. இரத்மலானையிலுள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் கேட்பதும் அதே உயர்தரப் பெறுபேற்றைத்தான்.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு: 2009இன் போர் முடிவைக் கண்ட ஒரு சமூகத்தின் பிள்ளை அந்தப் படையில் சேரலாமா? உறவை இழந்த ஒரு வீட்டிடம் அந்த வலியை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. சேர்வதும் சேராததும் அவரவர் மனச்சாட்சி. நான் சொல்வது, சேர முடிவெடுத்த பிள்ளை அதை ஒளித்துச் செய்யும் நிலை வரக்கூடாது என்பதே. ஒளித்துச் செய்கிறவனுக்குப் படிப்பைப் பற்றி அறிவுரை சொல்லவும், படையில் சேரும்போது கையெழுத்திடும் பிணைப் பத்திரத்தை வாசித்துப் பார்க்கவும் மாமாவோ பெரியப்பாவோ இருக்கமாட்டார்கள். நாளைக்கு மனச்சாட்சி “வேண்டாம்” என்று சொன்னால் தலைநிமிர்ந்து திரும்பிவரவும் வேறொரு வழி திறந்திருக்க வேண்டும்.

காத்திருப்பின் பாரத்தை அரசும் சுமக்கலாம். சிங்கப்பூரில் கட்டாயப் படைச்சேவைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் இடத்தை ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறது. அங்கே சேவை கட்டாயம், இங்கே விருப்பம். என்றாலும் விண்ணப்பதாரிக்குக் குறித்த திகதிக்குள் ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் அனுப்புவது எந்தப் படைக்கும் முடியாத காரியம் அல்ல. அந்த ஒழுங்கு வரும்வரை பொறுப்பு வீட்டுக்குத்தான். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிற அதே வாரத்தில் கண் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். ஒரு படிப்புக்கும் பதிந்துவிடுங்கள்.