சூடும் தூசும்

மாரிகுப்பத்தில் என் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் 2008-இல் வாங்கியது. உள்ளே இருப்பது இன்டெல் 'கோர் 2 டுவோ' சிப். கம்ப்யூட்டர் கணக்கில் இது கொள்ளுத்தாத்தா வயது. "புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்று கேட்காதவர்கள் இல்லை.

வாங்காததற்குக் காரணம் தமிழ்தான். யூனிகோடு பரவுவதற்கு முன் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, பதிப்பகத்துக்கு ஒரு விசைப்பலகை என்று இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுவான குறியீடுகளை வகுத்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அந்தப் பழைய எழுத்துருக்களில் நான் சேர்த்த கலைச்சொல் பட்டியல்களும் மொழிபெயர்ப்புகளும் இந்தப் பெட்டியில் இருக்கும் பழைய மென்பொருளில்தான் எழுத்து சிதறாமல் திறக்கின்றன. ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவருகிறேன். அந்த வேலை முடியும்வரை இது ஓடியாக வேண்டும்.

ஓட வேண்டுமென்றால் சூடு ஏறக் கூடாது. இந்த சிப்புக்குள்ளேயே வெப்பத்தை அளக்கும் உணர்வி இருக்கிறது. அது சொல்லும் எண்ணைத் திரையில் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு. காலையில் போட்டதும் ஒரு முறை, இரண்டு மணி நேர வேலைக்குப் பின் ஒரு முறை என்று அந்த எண்ணை நோட்டில் குறித்துவைக்கிறேன். வழக்கமாக 42, பிறகு 58. ஒரு நாள் 60 வந்தால் கவலையில்லை. அறையின் சூடு மாறாமலிருக்க, வாரா வாரம் இரண்டு டிகிரி ஏறிக்கொண்டே போனால், உள்ளே காற்று அடைபடுகிறது என்று அர்த்தம். ஒரு நாளின் எண்ணைவிட அது போகும் போக்கு முக்கியம்.

காற்றை அடைப்பது தூசு. எந்த ஊரிலும் தூசு உண்டு, ஆனால் எங்கள் ஊர்த் தூசு வேறு ரகம். கோலார் தங்கவயலில் தாதுக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தார்கள். மிஞ்சிய மாவைக் கொட்டிக் கொட்டி 13 மேடுகள் எழுந்தன. மொத்தம் 3 கோடி டன்னுக்கும் மேல். ஊரில் அதற்குச் 'சயனைடு மலை' என்று பெயர். காற்றுக் காலத்தில் அந்த மாவு வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டிலும் படியும், கம்ப்யூட்டர் ஃபேனிலும் படியும்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து வந்து பெட்டியைத் திறக்கும் இளைஞர் வார நாட்களில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர். முதல் முறை மூடியைக் கழற்றியதும், "அக்கா, ஒரு சயனைடு மலையே உள்ளே இருக்கு" என்றார். சிப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் சாம்பல் நிறத்தில் அடைத்திருந்தது. அன்றைய எண் 79.

அவர் சொல்லிக்கொடுத்தபடி இப்போது நானே செய்கிறேன். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷாலும் ஊதுகருவியாலும் தூசு எடுக்க வேண்டும். பிடிக்காமல் ஊதினால் இறக்கை தறிகெட்டுச் சுற்றி பேரிங் கெடும். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே தடவிய பசை சில வருடங்களில் காய்ந்துவிடும். பழையதைத் துடைத்துவிட்டு ஒரு துவரம்பருப்பு அளவு புதிதாக வைத்தால் போதும். அன்று அப்படிச் செய்தபின் 79 என்பது 57 ஆனது.

பழைய பெட்டியில் சிப் மட்டும் சூட்டுக்கு அஞ்சுவதில்லை. மதர்போர்டில் நிற்கும் கெபாசிட்டர்களின் ஆயுள், பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. ஹார்ட் டிஸ்க் கொஞ்சம் வித்தியாசமானது. கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், மிதமான சூடு நினைத்த அளவுக்குக் கெடுதல் செய்யவில்லை என்றது. ஆனால் அதிக சூடு வயதான டிஸ்க்குகளைத்தான் கூடுதலாகப் பாதித்தது. என்னுடையது வயதானது.

பக்கத்து லைனில் இருக்கும் பெரியவர் சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். என் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுரங்கத்துலயும் இதே கதைதாம்மா. காத்து வந்தா ஆளு வேலை செய்வான். வரலைன்னா விழுவான்." அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிர்விக்கும் எந்திரங்கள் வைத்து, ராட்சத ஃபேன்களால் காற்றைச் செலுத்தித்தான் அங்கே மனிதனை நிற்கவைத்தார்கள். ஆழ்சுரங்கத்தில் சாதாரண வெப்பமானி மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் வேண்டும். வியர்வை ஆவியாகுமா ஆகாதா என்பதை அதுதான் சொல்லும். ஆகாவிட்டால் உடம்பு ஆறாது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது. ஃபேன்கள் நின்றன. பம்புகள் நின்றன. சுரங்கங்களில் தண்ணீர் ஏறியது. நூறு வருடங்களுக்கு மேல் பராமரித்து ஓட்டிய ஒன்று, பராமரிப்பு நின்றதும் மூழ்கிப்போனது. மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

அந்த மேடுகளைக் கிளறி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வந்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் மேட்டைக் கிளறினால் மாவு பறக்கும். அதில் சிலிகா இருக்கிறது. சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை சிலிகோசிஸ் என்ற பெயரில் தின்றது அந்த சிலிகாதான்.

என் சிப் நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். நுரையீரலில் அப்படி உணர்வி இல்லை. மூச்சு வாங்கத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே எந்திரங்கள் வருமுன், மேடுகளைச் சுற்றியுள்ள ஒவ்வொரு லைனிலும் தூசை அளக்கும் கருவி வைக்க வேண்டும். அதன் எண்ணை எல்லோரும் பார்க்கும்படி தினமும் எழுதிப்போட வேண்டும். பழைய கம்ப்யூட்டருக்கு நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இந்த ஊருக்கும் ஒன்று வேண்டும்.