கடப்பாரைக் காவல்

ஹாம் வானொலிப் பித்துப் பிடித்தவர்கள் கூடினால் பேச்சு ஆன்டெனாவில் தொடங்கி ஆன்டெனாவிலேயே முடியும். மின்வழங்கியை யாரும் பொருட்படுத்துவதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம், எங்களுக்கு மோர்ஸ் கற்பித்த பெரியவரின் வானொலியை அது பலிகொள்ளும் வரையில்.

100 வாட் கருவி ஒன்று பேசுகையில் 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் கேட்கும். ஓடும் காரில் பேட்டரி மின்னேற்றம் பெறும் அளவை ஒட்டி வந்தது அந்த 13.8. ரிச்சி தெருவில் பொருள்களைத் தேடி வாங்கி அவருக்காக நாங்களே கட்டினோம். 18 வோல்ட் மின்மாற்றி, டயோடு பாலம், பருத்த மின்தேக்கிகள், அளவைக் கண்காணிக்கும் 723 சில்லு, அதன் கட்டளைப்படி மின்னோட்டத்தைச் சுமக்கும் நான்கு 2என்3055 டிரான்சிஸ்டர்கள். சுமை சமமாகப் பிரிய ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 ஓம் மின்தடை. மீட்டர் முள் அசையாது நின்றதைக் கண்டு கர்வம் கொண்டோம்.

ஓராண்டுக்குப் பின் ஒரு மாலையில் அவர் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. நாங்கள் சரியாக முடுக்காத டிரான்சிஸ்டர் ஒன்று வெப்பம் தாளாமல் உட்குறுக்காகிவிட்டது. மின்தேக்கியில் தேங்கியிருந்த 20 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் நேரே வானொலிக்குள் பாய்ந்தது. ஓய்வூதியத்தில் சிறுகச் சேர்த்து வாங்கிய கருவி அது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "அடுத்ததை ஒழுங்காக் கட்டுங்க தம்பிகளா" என்றார். கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகே 'கடப்பாரைச் சுற்று' என்பதன் அருமை எங்களுக்கு உறைத்தது. வெளியீடு 15 வோல்ட்டைச் சற்றுக் கடந்ததும் ஒரு ஜீனர் டயோடு தைரிஸ்டரை எழுப்பும். தைரிஸ்டர் இரு முனைகளின் குறுக்கே கடப்பாரையைப் போட்டதுபோல் விழுந்து அழுத்தத்தை வீழ்த்தும். மின்தேக்கிக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும் இடையிலுள்ள ஃபியூஸ் எரிந்து மடியும். வானொலி பிழைக்கும்.

சோதிக்காத காவலை நம்ப எங்களுக்குத் துணிவில்லை. வானொலியின் இடத்தில் கார் விளக்கொன்றை மாட்டி, டிரான்சிஸ்டரின் கலெக்டரையும் எமிட்டரையும் கம்பியால் நாங்களே இணைத்தோம். 'டப்' என்றொரு ஓசை, விளக்கு அணைந்தது. முள் சுழியத்தில் கிடந்தது. அன்று போல் நாங்கள் மகிழ்ந்ததில்லை.

பழுது நீக்கிய வானொலியோடு அதை அவரிடம் சேர்த்தோம். பெட்டியின் மேல் மூன்று மாற்று ஃபியூஸ்களை அவர் ஒட்டி வைத்தார். இன்றும் மூன்றும் அப்படியே இருக்கின்றன.